ரிச்சி ஸ்ட்ரீட் தீர்ப்பு

"லெட் ஃப்ரீ சார். அதான் போச்சு."

2010 வாக்கில் ஒரு மத்தியானம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்த கடை. திரை வராமல் போன என் மடிக்கணினியின் போர்டை அந்தத் தம்பி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மீட்டரைக்கூடக் கையில் எடுக்கவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது. கிராபிக்ஸ் சில்லின் அடியில் கம்பெனிக்காரன் வைத்த ஈயமில்லாப் பற்றாசு (சால்டர்) விட்டுப்போயிருக்கிறதாம். "அத எடுத்துட்டு நல்ல லெட் பால் வச்சு ரீபால் பண்ணித் தரேன் சார். அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்." சொன்னபடி செய்து தந்தார். திரையும் வந்தது. நான்காம் மாதம் மறுபடி இருண்டது.

அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்டதே பற்றாசைச் சோதிக்கும் வேலைதான். போர்டுகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, சுடவைத்து, குளிரவைத்து, எப்போது உடைகிறது என்று காத்திருக்கும் வேலை. இருந்தும் அவரிடம் நான் வாதாடவில்லை. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்திருப்பவரிடம் வாதாடுவது நல்லதல்ல என்பது ஒரு காரணம். எனக்கே அவர் சொன்னதில் பாதி நம்பிக்கை இருந்தது என்பது இன்னொன்று. ஏனென்றால் அது அவர் ஒருவரின் தீர்ப்பு இல்லை. சர்வீஸ் கடை, பாலிடெக்னிக் வகுப்பறை, ஓய்வுபெற்ற பொறியாளர்களின் காலைநடை என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான்: ஐரோப்பாக்காரன் 2006-ல் ஈயத்தைத் தடைசெய்தான், அன்றோடு எலக்ட்ரானிக்ஸ் சாமானின் ஆயுள் போயிற்று.

இந்தத் தீர்ப்பு தவறு. சில இடங்களில் அதற்கு நியாயம் உண்டு, அவற்றை மறைக்கப்போவதில்லை. ஆனால் மொத்தத்தில் தவறு. அதற்குக் கொண்டுவரப்படும் சாட்சிகள் அதைவிட மோசம்.

முதலில் பெயரில் இருக்கும் முடிச்சை அவிழ்த்துவிடலாம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு: காரீயம், வெள்ளீயம். பழைய பற்றாசில் இரண்டும் இருந்தன. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். உருகுவது 183 டிகிரி செல்சியஸில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் ஆணை 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது வெளியேறியது காரீயம் மட்டும்தான். எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். 2011-ல் வந்த நம் மின்கழிவு விதிகளும் அதே வரம்பை எடுத்துக்கொண்டு 2014 மே முதல் கட்டாயமாக்கின. இன்று தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் 'சாக் 305' என்ற கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு. ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கு நெருங்கிய பங்காளி என்று சொல்லலாம். உள்ளே ஒன்றும் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அதே சொம்பு. தூய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும்; வெள்ளியும் செம்பும் சேர்ந்து அதை 217-க்கு இறக்குகின்றன. அந்த 217-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய சாட்சியைக் கவிழ்க்க அது வேண்டியிருக்கும்.

இனி சாட்சிகள். முதல் சாட்சி பழைய டிவி. "அந்தக் காலத்து டிவி இருபது வருஷம் ஓடிச்சே சார்!" ஓடியது, உண்மை. எங்கள் வீட்டுக் கறுப்புவெள்ளைப் பெட்டியும் ஓடியது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் முக்கியமான கட்டம் வரும்போது படம் சுருங்கி ஒரு கோடாகிவிடும். அப்பா எழுந்து போய்த் தட்டுவார். தெருவில் எல்லா வீடுகளிலும் யாராவது ஒருவருக்கு இந்தக் கைராசி இருந்தது. அந்தத் தட்டு எதைச் சரிசெய்தது என்று யாரும் கேட்டதில்லை. டிவி மெக்கானிக்கைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் வந்திருக்கும்: டிரை சால்டர். கனமான, சூடேறும் உறுப்புகளின் கால்களைச் சுற்றி, தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வளையம்போல ஒரு விரிசல் விழும். தட்டும்போது விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொள்ளும், படம் வரும். அந்தப் பற்றில் நூற்றுக்கு முப்பத்தேழு காரீயம் இருந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் குடும்பம் நடத்தக் கொடுத்ததே காரீயப் பற்றாசின் விரிசல்தான். அதை மறந்துவிட்டு, அந்தக் காலத்தில் பற்று விட்டதே இல்லை என்பது நன்றிகெட்ட பேச்சு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய போர்டில் ஒரு துளை, துளைக்குள் ஒரு கால், காலைச் சுற்றிக் குன்றிமணி அளவுக்குப் பற்றாசு. இன்றைய பிஜிஏ சில்லின் அடியில் நூற்றுக்கணக்கில் உருண்டைகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் வாக்கில். மாட்டுவண்டி அச்சையும் கைக்கடிகார அச்சையும் ஒப்பிட்டு, இரும்பின் தரம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? அதோடு ஈயம் போன அதே ஆண்டுகளில்தான் மோசமான மின்பகுளி கொண்ட கெப்பாசிட்டர்கள் வயிறு வீங்கிக் கணினிப் போர்டுகளைச் சாகடித்தன. அதே ஆண்டுகளில்தான் மடிக்கணினிச் சில்லுகள் தோசைக்கல் மாதிரி சுட ஆரம்பித்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. கீழே விழுந்தாலும் உடையாது என்று நாம் இன்றும் ஏங்கிப் பேசும் நோக்கியா போன்களில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து வந்தவை பல. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. அந்த நிறுவனம் தன் புதிய போன்களை ஈயமில்லாமல் செய்யத் தொடங்கிய காலமும் அதுவே. ஈயமில்லாததால் போயிற்று என்பவர்கள் யாரும், ஈயமில்லாமலே நின்றது என்று அந்தப் போன்களைப் பார்த்துச் சொன்னதில்லை.

இரண்டாம் சாட்சி வலுவானது போலத் தோன்றும். செத்த போர்டுக்கு ஹாட் ஏர் காட்டினால் உயிர் வருகிறதே? அப்படியானால் பற்றாசில்தானே விரிசல்? அது உருகிச் சேர்ந்ததால்தானே உயிர் வந்தது? இணையத்தில் ஒரு காலத்தில் வீட்டு ஓவனுக்குள் போர்டை வைத்து வேகவைத்தார்கள். கேக் மாதிரி எடுத்தார்கள், வேலை செய்தது. அவர்கள் வைத்த சூடு பெரும்பாலும் 200 டிகிரிக்கு உள்ளேதான்.

இங்கேதான் 217 வருகிறது. 200 டிகிரியில் சாக் பற்றாசு உருகாது. இளகிக்கூட ஓடாது. உருகாத பற்று எப்படி ஒட்டியது? ஒட்டவில்லை. கிராபிக்ஸ் சில்லின் கட்டமைப்பில் இரண்டு மாடிகள் உண்டு. கீழே, போர்டுக்கும் சில்லின் அடித்தட்டுக்கும் நடுவே நாம் பார்க்கும் உருண்டைகள். மேலே, அடித்தட்டுக்கும் சிலிக்கனுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத குறுமேடுகள். அவற்றைச் சுற்றி நிரப்பிய பிசின். விரிசல் மேல்மாடியில். சூட்டில் பிசின் இளகி, எல்லாம் சற்றே விரிந்து, விரிசலின் கரைகள் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. அப்பா டிவியைத் தட்டிய அதே வைத்தியம். தட்டுக்குப் பதில் சூடு. ரீபால் செய்பவர் கீழ்மாடி உருண்டைகளை முழுக்க எடுத்துப் புதிதாக வைக்கிறார், உண்மையான உழைப்பு அது. ஆனால் அந்த உழைப்பின்போது மேல்மாடிக்குக் கிடைத்த சூடுதான் மூன்று நான்கு மாதம் உயிர் கொடுக்கிறது.

இதைப் பொதுப் பதிவில் உள்ள இரண்டு வழக்குகளை வைத்தே பார்க்கலாம். 2005 இறுதியில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கூட்டம் கூட்டமாகச் சிவப்பு வளையம் காட்டிச் செத்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்றாண்டுக்கு நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. உலகமே ஈயமில்லாப் பற்றாசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 2021-ல் அந்நிறுவனமே வெளியிட்ட 'பவர் ஆன்' ஆவணப்படத்தில் அதன் பொறியாளர்கள் சொன்னது வேறு: சில்லின் உள்ளே இருந்த இணைப்புகள், திரும்பத் திரும்பச் சூடாகி ஆறியதில் முறிந்தன. இரண்டாவது வழக்கு இன்னும் சுவையானது. 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் உறைப்பொருள் பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. அந்தச் சில்லுகளின் உள்மேடுகள் எதனால் ஆனவை என்று அப்போதே துருவினார்கள். எழுதப்பட்டது இதுதான்: அதிகக் காரீயம் கொண்ட பற்றாசு. நூற்றுக்கு 85-க்கு மேல் காரீயம் உள்ள உயர்வெப்பப் பற்றாசுக்கு ரோஹெச்எஸ் விலக்கு கொடுத்திருந்தது. அது முழுதாக உருக ஏறக்குறைய முந்நூறு டிகிரி வேண்டும். ஈயமில்லாததால் செத்தது என்று ஊரே சொன்ன சில்லுக்குள்ளே முறிந்துகிடந்தது ஈயம்!

சரி, சாட்சிகள் பொய்த்துவிட்டன. அதனால் ஈயமில்லாப் பற்றாசு வலுவானது என்று ஆகிவிடாது. அதற்குச் சோதனைப் பெட்டிக்குள் தலையை விட வேண்டும்.

பற்றாசு என்பது அறைச் சூட்டிலேயே சூடான உலோகம். கேட்க விநோதமாக இருக்கும். ஒரு உலோகம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. தனிச்சுழிக் கணக்கில் பார்த்தால் நம் அறை வெப்பம், பற்றாசின் உருகுநிலையில் ஆறு பத்தாம் பங்குக்கும் மேல். இரும்பில் அதற்கு ஈடான நிலை 800, 900 டிகிரி. கொல்லன் உலையில் சிவந்து கிடக்கும் இரும்பு. அப்படி இளகிய நிலையில் இருக்கும் உலோகத்தை, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்கே விரியும் சிலிக்கனுக்கும், பதினாறு பங்கு விரியும் போர்டுக்கும் நடுவில் மாட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை சாதனம் சூடாகும்போதும் மேல்தட்டு ஓரடி வைத்தால் கீழ்த்தட்டு ஐந்தடி வைக்கிறது. நடுவில் இருப்பது மெல்ல நகர்ந்து, களைத்து, விரிகிறது.

(நம் யாப்பிலக்கணக்காரர்களுக்கு இந்த நடுவில் மாட்டிய நிலை தெரியும். இரண்டு குறள்களை ஒட்டி ஒரே வெண்பாவாக்கும்போது, இடைவெளி தெரியாதிருக்க ஓரசையோ ஈரசையோ சேர்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆசு'. பொற்கொல்லரின் பற்றாசிலிருந்து எடுத்த உவமை. ஒட்டு எங்கே என்று தேடினால் தெரியக் கூடாது, அதுதான் நல்ல ஆசு.)

சோதனையில் அந்தக் களைப்பை அவசரப்படுத்துகிறோம். ஐபிசி 9701 என்ற தரநூல் பல வகைச் சுற்றுகளைச் சொல்கிறது. மென்மையானது 0-விலிருந்து 100 டிகிரி வரை. கடுமையானவை மைனஸ் 40 அல்லது மைனஸ் 55-லிருந்து 125 வரை. இரு முனையிலும் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால், கடுமையான சுற்று ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆயிரம் சுற்றுக்கு ஆறு வாரம். இரவு பகலாக மின்தடையை அளந்துகொண்டே இருப்போம். முதலில் ஒரு மைக்ரோ வினாடிக்குச் சுற்று விட்டுப்போகும், உடனே சேர்ந்துவிடும். நாலைந்து நாள் கழித்து மறுபடி. அப்புறம் அடிக்கடி. அப்பாவின் டிவி நினைவுக்கு வராமல் இருக்காது.

பழைய பற்றாசையும் சாக்கையும் இப்படி அருகருகே வைத்து உலகம் முழுவதும் எத்தனையோ கூடங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்றால், எந்தப் பெட்டியில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விறைப்பான செராமிக் சில்லு, மைனஸ் 55-லிருந்து 125: காரீயம் ஜெயிக்கும். விரிவில் போர்டை நெருங்கும் பிளாஸ்டிக் சில்லு, 0-விலிருந்து 100: சாக் ஜெயிக்கும், பல நேரங்களில் நல்ல வித்தியாசத்தில். சுமை குறையக் குறைய சாக்கின் ஆயுள் காரீயத்தைவிட வேகமாக ஏறுகிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. உங்கள் வீட்டு டிவி, ரவுட்டர், மடிக்கணினி எல்லாம் எந்தப் பக்கம் இருக்கின்றன? ஒருநாளைக்கு ஓரிரு முறை, முப்பது நாற்பது டிகிரி ஏறி இறங்கும் பக்கம். சாக் ஜெயிக்கும் பக்கம்.

இந்த வெட்டுப்புள்ளியைப் பார்க்காமல் போனதற்கு ஒரு பழைய சூத்திரமும் காரணம். 1969-ல் ஐபிஎம்மின் நாரிஸ், லாண்ட்ஸ்பெர்க் இருவரும் சோதனைச் சுற்றை நடைமுறைச் சுற்றாக மாற்ற ஒரு வாய்பாடு தந்தார்கள். வெப்ப வீச்சின் விகிதத்தை ஏறக்குறைய இருமடிப் படுத்துவது அதன் சாரம். அது அதிகக் காரீயம் கொண்ட பற்றாசுக்கு எழுதப்பட்டது. 2005-ல் சாக்குக்காகத் தனியே கணக்கிட்டபோது படி 2.65 என்று வந்தது. சிறிய வித்தியாசம்தானே? பெட்டியில் 165 டிகிரி வீச்சு, வீட்டில் 40 டிகிரி வீச்சு என்று வைத்து, வீச்சை மட்டும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். பழைய படியில் ஒரு சோதனைச் சுற்று பதினேழு வீட்டுச் சுற்றுக்குச் சமம். புதிய படியில் நாற்பத்திரண்டுக்கும் மேல். காரீயத்தின் படியால் வெள்ளீயத்தை அளந்துவிட்டு, அளவு குறைகிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் ஒத்துக்கொள்ள வேண்டியவை. மேலே சொன்ன சோதனை சாக்குக்குக் கொஞ்சம் சலுகையும் காட்டுகிறது. அது மெதுவாக நகரும் உலோகம். பத்து நிமிட நிறுத்தத்தில் அதன் முழுக் களைப்பும் வெளிவராது. வீட்டில் ஒரு சாதனம் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அதனால்தான் ஈயமில்லாப் பற்றாசுக்கு நிறுத்தத்தை நீட்டுங்கள் என்று பின்னால் சொன்னார்கள். இன்னொன்று மூப்பு. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வுகள், சாக் சும்மா அலமாரியில் கிடந்தாலே மெல்ல வலு இழக்கிறது என்று காட்டின. புதிதாக ஒட்டிய போர்டைச் சோதித்து முதுமையைச் சொல்லும் எங்கள் தொழிலுக்கு அது நல்ல குட்டு.

கீழே விழும் கதையில் முதல் சுற்று காரீயத்துக்குத்தான். சாக் விறைப்பானது, அடி விழுந்தால் தான் நெளியாமல் அடியை அப்படியே ஒட்டுமுகத்துக்கும் போர்டின் பிசினுக்கும் கடத்திவிடும். உருண்டை முழுசாக இருக்கும், அதன் அடியில் போர்டே பெயர்ந்து வரும். கைப்பேசிக்காரர்கள் இதைக் கண்டு வெள்ளியை மூன்றிலிருந்து ஒரு விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள், சில்லின் அடியில் பிசின் ஊற்றினார்கள். சிக்கல் பெரும்பாலும் அடங்கியது. அதிர்வுச் சோதனையில், குறிப்பாகக் கடும் அதிர்வில், காரீயம் பல உறுப்புகளில் இன்றும் முன்னே நிற்கிறது. அமெரிக்க ராணுவமும் நாசாவும் சேர்ந்து நடத்திய ஒப்பீட்டிலேயே அது தெரிந்தது.

அங்கேதான் மூன்றாம் சாட்சி எழுந்து நிற்கும்: அவ்வளவு நல்லதென்றால் ராணுவமும் ராக்கெட்டும் ஏன் இன்னும் காரீயத்தை விடவில்லை? ஏனென்றால் அவர்களை யாரும் விடச்சொல்லவில்லை. ரோஹெச்எஸ்ஸில் அவற்றுக்கு விலக்கு உண்டு. அதோடு முப்பதாண்டு நிற்க வேண்டிய, மேலே போய்விட்டால் திருத்த முடியாத பொருளுக்கு, அரை நூற்றாண்டுப் பதிவேடு உள்ள பொருளையே யாரும் எடுப்பார்கள். அது பழக்கத்துக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு. உங்கள் வீட்டு ரவுட்டருக்கு அந்தக் கவலை பொருந்தாது. அவர்களுடைய உண்மையான பயம் வெள்ளீய இழைகள்: தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைக்கும், முடியைவிட மெல்லிய உலோக மயிர்கள். பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட். நியாயமான பயம்தான். ஆனால் அது முளைப்பது உறுப்புகளின் பூச்சில். பற்றாசுப் பற்றில் அது அரிது. புதிய நோயும் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 1951-லேயே எழுதிவிட்டார்கள். கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பேஜர்கள் ஊமையானது 1998 மே மாதம். அதன் கட்டுப்பாட்டுச் செயலியைச் சாய்த்தது வெள்ளீய இழை என்று சொல்லப்பட்டது. ரோஹெச்எஸ் நடைமுறைக்கு வர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட் தீர்ப்பு இவ்வளவு நாள் நிற்பதற்குக் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்திலும் தவறு இருக்கிறது. "ஆயிரம் சுற்று, பாஸ்" என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தோம். எந்தச் சில்லு, எந்த வீச்சு, எவ்வளவு நிறுத்தம், முதல் உருண்டை எந்தச் சுற்றில் விட்டது என்று எழுதவில்லை. பலமுறை முதல் உருண்டை விடும்வரை ஓட்டவே இல்லை. ஆயிரம் வந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரின் போர்டை ஏற்றினோம். உடையாத ஒன்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது, அது இன்னும் உடையவில்லை என்பது மட்டும்தான். அந்த பாஸ் முத்திரையை நம்பி வாங்கிய பொருள் இரண்டாம் ஆண்டில் செத்தபோது, மக்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே மாற்றத்தின்மேல் பழியைப் போட்டார்கள். பெயரிலேயே 'இல்லை' என்று இருக்கும் பொருளின்மேல் பழி போடுவது எளிது.

என் மடிக்கணினிப் போர்டு என்னிடமே கிடந்தது. ஒரு சனிக்கிழமை, கூடத்தில் வேலை குறைவாக இருந்த நேரத்தில், அந்தச் சில்லை அறுத்தெடுத்து ரெசினில் பதித்தேன். முதல் வரிசை உருண்டைகளின் நடுவரை தேய்த்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். கீழ்மாடியில் தம்பி வைத்த காரீய உருண்டைகள் வரிசையாக நின்றன, ஒரு குமிழிகூட இல்லாமல். மேல்மாடியில், சிலிக்கனை ஒட்டி, குறுமேடு ஒன்றின் கழுத்தில் தலைமுடி போல ஒரு கோடு.

படத்தை அச்செடுத்துக்கொண்டு மறுவாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். தம்பி அதை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, வெகுநேரம் பார்த்தார். மேலே இருந்த கோட்டை விரலால் காட்டினேன். அவர் விரல் கீழே போயிற்று.

"பால் எல்லாம் எப்படி நிக்குது பாருங்க சார்."